பன்னீர்ச் செம்பும் ஏழாவது அடியும்

பூவிளங்கோட்டை ஜனங்களுக்கு ஒரு காலத்தில் வந்த சொகுசைக் கேளுங்கள். புடவை வேண்டுமா? ஓலை நறுக்கில் எழுதி வாசலில் செருகினால் போதும். ஓலைக்கடை ஓட்டக்காரன் காலையில் ஓலையை எடுத்துப்போவான். மாலையில் புடவையோடு வந்து நிற்பான். ஒரே விலை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம், செருப்பு மாட்ட வேண்டாம்.

இதனால் கடைத்தெரு காற்று வாங்கியது. நூறு கடைக்காரர்களும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நகர்வலம் வந்த மன்னர் உத்தமகேசரி இதைக் கண்டார். நாற்பது நாளுக்குள் தெருவில் கூட்டம் வராவிட்டால் கடைகளையெல்லாம் காலி செய்து, இடத்தை ஓலைக்கடைக்குக் கிடங்காகக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். துணிக்கடை சிங்காரவேலருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாவம், அவருக்குத் துணி விற்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

தெருவைக் காப்பாற்றும் பொறுப்பு அமைச்சர் வித்யாதரரிடம் வந்தது. நாலு தேசம் சுற்றிவந்தவர் அவர். "அரசே, மக்களுக்கு வேண்டியது பொருள் அல்ல, அனுபவம்" என்றார்.

தெருமுனையில் மயிலைக் கட்டினார். கடைக்குக் கடை மெத்தை போட்ட ஊஞ்சல். வாசலில் நாகஸ்வரம். உள்ளே நுழைந்தால் ஓர் ஆள் பின்னாலேயே வந்து, "தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வந்தவர் ஓடும்வரை கேட்பான். பேரம் பேசுவது நாகரிகமில்லை என்று, ஓலைக்கடையைப் போலவே விலையைப் பலகையில் எழுதி அடித்துவிட்டார். வாங்காமல் போகிறவர்களையும் மறித்துத் தொந்தரவு செய்யக் கூடாது. கும்பிட்டு, பன்னீர் தெளித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அரண்மனை வாசலிலும் அதே மரியாதைதான்.

ஜனங்கள் வந்தார்கள். மயில் பார்த்தார்கள், ஊஞ்சல் ஆடினார்கள். புடவையைத் தொட்டுப் பார்த்து, வெயிலில் பிடித்து நிறம் பார்த்து, பன்னீரில் நனைந்து வீட்டுக்குப் போய் அதே புடவைக்கு ஓலை எழுதினார்கள். ஓலைக்கடை வியாபாரம் இரட்டிப்பானது.

முப்பதாம் நாள் வித்யாதரர் அவையில் அறிக்கை வாசித்தார். "அனுபவம் மிகச் சிறப்பு. விற்பனைதான் சற்றே பின்தங்கியிருக்கிறது."

அவைப்புலவர் கூத்தபிரானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிறவர் செய்து காட்டலாமே! மிச்சம் பத்து நாள் உமக்கு. கருவூலத்திலிருந்து ஒரு செப்புக்காசு கிடையாது. தோற்றால் நீர்தான் ஓலைக்கடைக்கு அடுத்த ஓட்டக்காரர்."

கூத்தபிரான் கனத்த சரீரம். அரண்மனைப் படி ஏறினாலே மூச்சு வாங்கும் மனிதர்.

மறுநாள் சிங்காரவேலர் கடையில் போய் உட்கார்ந்தார். செக்குக்காரர் மனைவி மரகதம் வந்தாள். கடுகு நிறத்தில் ஒரு புடவையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். விலை கேட்டாள். சிங்காரவேலர் பலகையைக் காட்டினார். குறைத்துக் கேட்டாள். அவர் மறுபடியும் பலகையைக் காட்டினார். புடவையை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவர் உத்தரவுப்படி கும்பிட்டார், பன்னீர் தெளித்தார்.

மரகதம் மெதுவாக நடந்தாள். நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முகம் தொங்கிப்போய் நடையைக் கட்டினாள். கூத்தபிரான் மூச்சிரைக்க ஓடிப்போய், புடவை பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"பிடிக்காமலா சாமி அவ்வளவு மெதுவா நடந்தேன்? 'இந்தாம்மா, இங்க வா, எடுத்துக்கோ'ன்னு கூப்பிட ஒரு ஆளில்ல. ஓலைக்கடைதான் கூப்பிடாது. இவருமா?"

கூத்தபிரானுக்கு விளங்கிவிட்டது. அன்றே மயில் காட்டுக்குப் போனது. பலகைகள் அடுப்புக்குப் போயின. கடைக்காரர்களைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னார். "விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லுங்கள். படியிறங்கினால் விடுங்கள். ஏழாவது அடியில் கூப்பிடுங்கள். முந்திக் கூப்பிட்டால் அவர்களுக்கு ஜெயித்த மாதிரி இருக்காது. பிந்தினால் ரோஷம் வந்துவிடும், திரும்ப மாட்டார்கள்."

மரகதம் மறுபடி கடைக்குப் போய் வாங்கிய கடுகுப் புடவையைக் கட்டிக்கொண்டு, தான் நடந்த நடையையும் சிங்காரவேலர் கூப்பிட்ட கூப்பாட்டையும் கிணற்றடியில் அரை நாள் சொன்னாள். ஓலையில் வாங்கியவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சலோடு கேட்டார்கள். மறுநாள் அவர்களும் செருப்பை மாட்டினார்கள். பத்தாம் நாள் மன்னரின் யானையால் கடைத்தெருவுக்குள் நுழைய முடியவில்லை.

அவையில் மன்னர் நம்பவே இல்லை. "வெறுமனே திரும்பக் கூப்பிட்டதற்கா இத்தனை கூட்டம்? என்னவோ, ஜெயித்துவிட்டீர். இந்தாரும்" என்று ஒரு முத்துமாலையை நீட்டினார்.

கூத்தபிரான் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்து சிறிசாக இருக்கிறதே, அரசே. இன்னொன்று சேர்த்துக் கொடுத்தால் யோசிக்கலாம்."

மன்னர் முகம் சிவந்தது. "ஒன்றுதான்."

"அப்படியானால் வேண்டாம்" என்று மாலையை வைத்துவிட்டுக் கூத்தபிரான் வாசலைப் பார்த்து நடந்தார். மெதுவாக நடந்தார். மூன்றாவது அடியில் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். நான்காவது அடி வைத்தார். ஐந்தாவது அடி வைத்தார்.

"சரி சரி, வாரும். இரண்டாகவே எடுத்துக்கொள்ளும்" என்றார் மன்னர்.

கூத்தபிரான் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார். "பார்த்தீர்களா, அரசே? இந்த மாலை ஓலைக்கடையிலிருந்து வந்திருந்தால் இவ்வளவு இனிக்குமா? ஒரே ஒரு குறை. சிங்காரவேலர் ஏழுவரை பொறுப்பார். தாங்கள் ஐந்திலேயே கூப்பிட்டுவிட்டீர்கள்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைத்தெரு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று ஆணையிட்டார்.

வித்யாதரருக்குப் பொறுக்கவில்லை. "அவையா இது, சந்தையா? எனக்கு இனி இங்கே வேலையில்லை. போகிறேன்" என்று விடுவிடுவென்று நடந்தார். ஆறாவது அடியில் நடை தளர்ந்தது. ஏழாவது அடியில் நின்றார். எட்டாவதில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வாசல் காவலர்கள் அவருடைய உத்தரவை மறக்கவில்லை. கும்பிட்டு, பன்னீர் தெளித்தார்கள்.