கதிரான் தலையில் விழாத பனம்பழம்

மனுஷர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். "மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாராம், பழம் விழுந்ததாம், உடனே எல்லாம் விளங்கிவிட்டதாம்" என்பார்கள். "குளிக்கத் தொட்டியில் இறங்கினாராம், பளிச்சென்று தோன்றியதாம், துணியைக்கூட மறந்துவிட்டுத் தெருவில் ஓடினாராம்" என்பார்கள். அந்த மனுஷன் அதற்கு முன்னால் எத்தனை காலம் தலையைப் பிய்த்துக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள், கொட்டாவி விடுவார்கள். சரி, மனுஷர்களை மட்டும் திட்டி என்ன செய்ய? இந்தப் புளுகை முதன்முதலில் கிளப்பிவிட்டது ஒரு மைனா. ஏமாந்தது ஒரு காடே! அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன், கேளுங்கள்.

அந்தக் காலத்தில், பறவையும் பாம்பும் நின்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு பறவைக்கும் கூடு கட்டத் தெரியாது. கிளை எங்கே கவட்டையாகப் பிரிகிறதோ அங்கே முட்டையை வைத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காற்று அடித்தால் பாதி போகும். மீதிக்குச் சாரைப்பாம்பு வரும். "என்னம்மா, சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டே முட்டையை விழுங்கிவிட்டுப் போகும். மரியாதை தெரிந்த பாம்பு!

அந்தக் கரிசல்காட்டில் கதிரான் என்று ஒரு குருவி. மஞ்சள் தலை, சின்ன உடம்பு, பெரிய ரோஷம். பெண்டாட்டி பேர் செவ்வந்தி. அவர்களுடைய முட்டைகளைச் சாரை விழுங்கிய அன்று செவ்வந்தி அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தா பாருங்க. சாரை எட்டாத இடம் ஒண்ணு காட்டுங்க. அதுவரைக்கும் நான் முட்டை வைக்க மாட்டேன். வெச்சு வெச்சுப் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

கதிரான் காடு முழுக்கத் தேடினான். சாரை ஏறாத மரம் எது இருக்கிறது? கடைசியில் ஒரு பாழுங்கிணற்றுப் பக்கம் வந்தான். கிணற்றின்மேல் சாய்ந்தாற்போல ஒரு பனை. அதன் ஓலை நுனி தண்ணீருக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு எண்ணம். மரத்தில் வைத்தால்தானே பாம்பு வரும்? மரத்திலிருந்து தொங்கவிட்டால்?

எண்ணம் வந்துவிட்டது. கூடு வந்துவிட்டதா? எங்கே வந்தது! அதற்கப்புறம்தான் ஐயா பாடே ஆரம்பம்.

முதலில் மண்ணைக் குழைத்து ஓலையில் அப்பினான். வெயிலில் காய்ந்து, வெடித்து, கிணற்றுக்குள் போயிற்று. காய்ந்த புல்லைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டான். முடிச்சு இறுகுவதற்குள் புல் ஒடிந்தது. பனையோலையின் ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு பறந்து பார்த்தான். நீளமாகப் பச்சை நார் கிழிந்து வந்தது! அதை முடிச்சுப் போட்டால் காயக் காய இறுகியது. கதிரானுக்குத் தலைகால் புரியவில்லை. "செவ்வந்தி! ஏ செவ்வந்தி! இறுகுது, வந்து பாரு!" என்று காடே அதிரக் கத்தினான்.

செவ்வந்தி வந்தாள். அவன் பின்னியிருந்த கிண்ணத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். "மேல திறந்து கிடக்கே, மழை பெய்ஞ்சா இது கூடா, தொட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் கவிழ்த்துக் கட்டினான். அவள் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். கல் உருண்டு 'ப்ளக்' என்று கிணற்றில் விழுந்தது. "அதுதான் நம்ம புள்ள" என்றாள். உள்ளே ஒரு தடுப்புப் பின்னினான். காற்றில் கூடு பம்பரமாகச் சுற்றியது. ஈர மண்ணை உருட்டி உள்சுவரில் ஒட்டிக் கனம் கொடுத்தான். ஆட்டம் நின்றது. வாசல் வழியாகப் பாம்பு எட்டிப் பார்க்காதா என்றாள். வாசலை நீளமாகக் கீழே இழுத்துக் குழாயாகப் பின்னினான். அந்தப் பனையில் அரைக்கூடும் கால்கூடுமாக எத்தனையோ தொங்கின. அவனுக்கு அலகு வீங்கிப் போயிற்று.

கடைசிக் கூட்டுக்குள் போன செவ்வந்தி வெகுநேரம் வெளியே வரவில்லை. கதிரான் ஓலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். அப்புறம் குழாய் வழியாகத் தலையை மட்டும் நீட்டி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இரை கொண்டுவாங்க" என்றாள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குஞ்சு பொரித்த சேதி சாரைக்கு எட்டியது. வந்தது. பனையில் ஏறியது. ஓலை நுனிக்கு வந்து, கூட்டின்மேல் தலையை வைத்து, "என்னம்மா, சௌக்..." என்று ஆரம்பித்தது. ஓலை வளைந்தது, பிடி வழுக்கியது, தொபுக்கடீர்! கிணறே குலுங்கியது!

அடேயப்பா, அன்றைக்குக் காட்டில் கூடிய கூட்டம்! காகம், கொண்டைக்குருவி, தையல்சிட்டு, குயில், எல்லாம் வந்துவிட்டன. கூட்டத்துக்கு முன்னால் மைனா. மைனா என்றால் காட்டுக்கே செய்தி சொல்கிறவள். அவள் சொன்னால் உப்புச் சப்பில்லாத சங்கதிகூட மணக்கும்.

"தம்பி கதிரான், இதை எப்படிக் கண்டுபிடிச்சே? சொல்லு, சொல்லு!"

"அதுவாக்கா? முதல்ல மண்ணை எடுத்து ஓலையில அப்பினேனா, அது வெடிச்சுப் போச்சு. அப்புறம் காஞ்ச புல்லு..."

காகம் கொட்டாவி விட்டது. கொண்டைக்குருவி இறகு கோத ஆரம்பித்தது. மைனாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் கலைந்தால் அவளுக்கு உயிரே போய்விடும்.

"நான் சொல்றேன் கேளுங்க!" என்று மேட்டில் ஏறினாள். "தம்பி பனையடியில சும்மா குந்தியிருக்கு. மேலே இருந்து ஒரு பனம்பழம். விழுந்துச்சு பாருங்க, நேரா தலையில! ணங்! அந்த நிமிஷமே கண்ணு முன்னால கூடு! குழாய், வாசல், தடுப்பு, எல்லாம்! இல்லையா தம்பி?"

காடே "அடடா!" என்றது. காகம் கொட்டாவியை மூடியது. எல்லாக் கண்ணும் கதிரானின் மஞ்சள் தலையையே பார்த்தன. ஒரு குருவித் தலையில் பனம்பழம் விழுந்தால் அது ஞானி ஆகுமா, சட்னி ஆகுமா? ஒரு ஜீவன்கூட யோசிக்கவில்லை!

கதிரானுக்கு அந்த "அடடா" இனித்தது. தலையை ஆட்டிவிட்டான். ஆட்டியதோடு விட்டானா? கூட்டம் போனதும் பனையில் தொங்கிய அரைக்கூடு, கால்கூடு எல்லாவற்றையும் பிய்த்துக் கிணற்றில் போட்டான்.

"ஏங்க அதைப் பிய்க்கிறீங்க?" என்றாள் செவ்வந்தி.

"பார்க்க அசிங்கமா இருக்கு. நாலு பேர் வந்து போற இடம்."

"பட்ட பாடு அசிங்கமா?" என்று கேட்டாள். அவன் அடுத்த அரைக்கூட்டைப் பிய்க்கப் போய்விட்டான்.

புரட்டாசி பிறந்தது. அடைமழைக்கு முன்னால் முட்டைக்கு இடம் தேடுகிற காலம். காட்டில் ஒரு பறவையாவது தேடியதா? எல்லாம், பழம் கிணற்றுக்குள் விழாத இன்னொரு பனைக்கு அடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன! ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. முயற்சி பண்ணினால் பழத்துக்குக் கோபம் வந்து விழாமல் போய்விடும் என்று மைனா வேறு சொல்லிவைத்திருந்தாள். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு குயில். அவளுக்குப் பக்கத்தில் செவ்வந்தியின் தங்கை மருக்கொழுந்து, வயிறு நிறைய முட்டையோடு.

கிணற்றிலிருந்து ஆலம்வேர் வழியாக எப்போதோ ஏறி வந்துவிட்ட சாரை, வேலியோரம் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தது. இந்த வருஷம் விருந்து!

கதிரான் கொழுந்தியாளைப் பார்க்கப் போன நேரத்தில் ஒரு பனம்பழம் நிஜமாகவே விழுந்தது. தொம்! மருக்கொழுந்தின் வால் இறகு ஒன்று அதன் அடியில் மாட்டிக்கொண்டது. ஒரு நெல்மணி தூரம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவள் இல்லை. கதிரான் பதறிப் பாய்ந்து வந்தான். அவளோ வாலை உருவிக்கொண்டு துள்ளினாள்.

"அத்தான்! பாத்தீங்களா? கொஞ்சம் தள்ளி விழுந்துருச்சு! அடுத்தது தலையிலதான்!"

"ஐயோ, எந்திரி! எல்லாரும் எந்திரிங்க!" கதிரான் கத்தினான். "என் தலையில பழமும் விழல, காயும் விழல! அத்தனையும் பொய்! நான் கெடுத்துக் கெடுத்துத்தான் கட்டினேன்!"

கொண்டைக்குருவி உருகிப்போயிற்று. "பாத்தீங்களா, பெரியவங்க எப்பவுமே இப்படித்தான். என்ன ஒரு அடக்கம்!"

"அடக்கமா?" என்றாள் மைனா. "நம்ம தலையிலயும் விழுந்துட்டா அவரு மவுசு போயிடுமில்ல? அதான் எழுப்பப் பாக்குறாரு!"

"கெட்டுப்போன கூட்டையெல்லாம் காட்டுறேன், வாங்க!" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். எங்கே காட்டுவது? அவன்தானே பிய்த்துப் போட்டான்! கிணற்றுப் பனையில் ஒரே ஒரு கூடு, நேர்த்தியாக, வானத்திலிருந்து இறங்கினதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தான். செவ்வந்தி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் கருத்து வந்தது. "என் தங்கச்சி முட்டை சாரை வாயில போச்சுன்னா, அந்தப் பாவம் உங்க தலையில விழும். அது நிஜமாவே விழும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. போங்க. எப்படிக் கெடுத்துக் கெடுத்துக் கட்டினீங்களோ, அதே மாதிரி அவங்க கண்ணு முன்னால கெடுத்துக் காட்டுங்க."

கதிரான் போனான். அவர்கள் உட்கார்ந்திருந்த பனையிலேயே தாழ்ந்த ஓலையில் மண்ணை அப்பினான். சளக்கென்று வழிந்து குயிலின் முதுகில் விழுந்தது. காடு சிரித்தது. காய்ந்த புல்லில் முடிச்சுப் போட்டான். ஒடிந்து, அவனும் சேர்ந்து குப்புற விழுந்தான். காகத்துக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. "கண்டுபிடிச்ச ஆளைப் பாருடா!" என்றது. மானம் போயிற்று. போகட்டும் என்று பச்சை நாரை எடுத்துத் திறந்த கிண்ணமாகப் பின்னினான்.

மருக்கொழுந்து சிரிப்பதை நிறுத்தினாள். கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"அத்தான், வாய் மேல இருந்தா மழை உள்ள வராதா?"

"வரும். என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

"கவுத்திருங்க."

"கவுத்தினா முட்டை உருண்டிடுமே."

"அப்ப..." அவள் இருப்புக் கொள்ளாமல் எழுந்தே விட்டாள். "உள்ள ஒரு தடுப்பு போட்டா? அத்தான், தள்ளுங்க! நாரை இப்படிக் குடுங்க!"

ஆஹா, அந்த நிமிஷத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! "நீ முடிச்சுப் போடறது தப்பு" என்று கொண்டைக்குருவி பறந்து வந்தது. "நான் சுள்ளியில பண்ணிப் பாக்குறேன்" என்று காகம் கிளம்பியது. தையல்சிட்டுக்கு நார் வசப்படவில்லை. ஆத்திரத்தில் இலையைக் குத்திக் கிழித்துவிட்டது. "ஐயோ, கெடுத்துட்டேனே!" என்று அழுதது. அழுதுகொண்டே அந்த ஓட்டையில் பஞ்சு நூலை நுழைத்து இழுத்தது. இலை மடிந்து பையாயிற்று! "எனக்கு வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!" என்று அது போட்ட கூச்சல் அந்தக் காட்டில் இன்றைக்கும் கேட்கிறது. மருக்கொழுந்தின் முதல் கூடு அறுந்து விழுந்தது. "விழட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள்.

பனையடியில் குயில் மட்டும் மிச்சம். "நீங்க மெனக்கெடுங்க. எனக்கு வர வேண்டியது தானா வரும்" என்று முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மைனா மட்டும் என்ன கட்டிக் கிழித்தாள்? எல்லோரிடமும் போய், "ஒரு பஞ்சு நூல் விழுந்துச்சாம், அந்த நிமிஷமே..." என்று புதுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் மழைக்குப் பயந்து ஒரு மரப்பொந்தில் கிடைத்த குப்பையைத் திணித்து அதையே வீடு என்றாள்.

ஐப்பசி மழை கொட்டியது. சாரைகள் சொந்தபந்தத்தோடு வந்தன. மருக்கொழுந்தின் கூட்டுக்கு மேலேயும் ஒன்று ஏறியது. உள்ளே அவள் முட்டைகளை அணைத்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். வெளியே கதிரானும் செவ்வந்தியும் நனைந்துகொண்டு பார்த்தார்கள். பாம்பு குழாய்வழியே தலையை நுழைக்க வளைந்தது, வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது. தொம்மென்று சேற்றில் விழுந்தது! செவ்வந்தி மழையிலேயே ஆடினாள். முட்டை வைக்க இடமில்லாத குயில், காகம் இரை தேடப் போன சமயம் பார்த்து அதன் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மழை விட்டதும் மைனா வந்தாள். சாய்ந்த கிணற்றுப் பனையில், கதிரான் புதிதாகப் பின்னிப் பார்த்த அரைக்கூடும் கால்கூடும் மறுபடியும் தொங்குவதைப் பார்த்து முகம் சுளித்தாள். "தம்பி, ஊர் உலகம் பாக்குற இடம். அந்த அரைகுறையை எல்லாம் பிய்ச்சுப் போட்டுடேன். அழகா இருக்கும், கதை சொல்றதுக்கும் தோதா இருக்கும்."

"கிட்ட வந்து தொட்டுப் பாருக்கா!" என்றான் கதிரான். அவன் சத்தத்தில் மைனா இரண்டு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் குயில் கூடு கட்டுவதில்லை. அன்று முதல்தான் தூக்கணாங்குருவி, தான் பாதியில் விட்ட கூட்டைப் பிய்த்து எறியாமல், குஞ்சு இருக்கிற கூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுகிறது, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று.