புலி நடைக்குத் தட்டிய கை

அந்தக் காலத்தில், புலியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைச்சரிவில் தினை விதைத்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: சத்தம். கிளி வந்தால் பிளந்த மூங்கில் தட்டையை அடிப்பார்கள். பன்றி வந்தாலும் தட்டைதான். பிள்ளை தூங்காவிட்டாலும், கேட்டால் சிரிப்பீர்கள், அதே தட்டைதான்.

செம்பாயியின் கைக்குழந்தை அந்திக்கு அந்தி வீறிட்டு அழும். புருஷன் கடம்பன் தட்டையை அடிப்பான், கொழுந்தன் கொம்பு ஊதுவான். பிள்ளை இன்னும் கத்தும். மான்களெல்லாம் மிரண்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிடும்.

ஒருநாள் பசியில் ஒட்டிய வயிற்றோடு புலி, செம்பாயி பிள்ளையோடு இருந்த தினைக்காவல் பரணுக்குக் கீழே வந்து நின்றது.

“ஏ பொண்ணே! உம்புள்ள போடுற சத்தத்துல ஒரு மான்கூட நிக்க மாட்டேங்குது. நாளைக்கும் அழுதுச்சுன்னா அதையே தூக்கிட்டுப் போயிருவேன்.”

புலி சும்மா மிரட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை.

மறுநாள் பொழுது சாய்ந்தது. கீழே சருகு ‘சரக்... சரக்’ என்றது. புலி பரணைச் சுற்றி நடக்கிறது. மடியில் பிள்ளை உதட்டைப் பிதுக்கியது.

கடம்பன் பதறிப்போய்த் தட்டையை எடுத்தான்.

“வேணாம் மாமா!”

“அடிக்காம எப்படிப் புள்ள தூங்கும்?”

அவள் அதைப் பிடுங்கித் தினைக்குள் வீசினாள். அந்த மலையில் தட்டையை எறிந்த பெண் அதுவரை கிடையாது.

பாட வாயைத் திறந்தாள். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. “ரோ... ரோ...” என்று மூச்சுதான் வந்தது. பிள்ளையைத் தட்டும் ஓசை புலிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, அது ஓர் அடி வைக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த அடிக்கு அடுத்த தட்டு.

பிதுங்கிய உதடு தளர்ந்தது. கண் சொருகியது. சருகுச் சத்தமும் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றேவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே புலி, முன்னங்கால்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

தப்பித்தோம் என்று நினைத்தாள், பாவம். மான்கள் திரும்பின, புலிக்கு வயிறும் நிறைந்தது. ஆனாலும் அடுத்த அந்தியில் சருகு சரசரத்தது.

“நேரமாச்சே, இன்னும் தட்டலையா தாயி?” என்றது புலி. குரலில் கோபமில்லை. பல் மட்டும் அதே பல்.

“இதோ தட்டுறேன்” என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல்தான் தாய்மார் பொழுது சாய்ந்தால் அதே நேரத்தில், அதே மெல்லிய நடைக்குத் தட்டி, சொல்லில்லாத அந்த ‘ரோ ரோ’வையே பாடித் தூங்கவைக்கிறார்கள். அந்த வேளையில் நீங்கள் ஒரு பாத்திரத்தை உருட்டிப் பாருங்கள். “உஷ்!” என்று அந்தத் தாய் திரும்பி, கட்டிலுக்குக் கீழே புலி படுத்திருப்பதுபோலவே உங்களைப் பார்ப்பாள்.