சேற்றில் நின்று போட்ட உத்தரவு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டை விசயதரன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். காலையில் ஒரு உத்தரவு போடுவான், மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவான். மற்றபடி நல்ல ராசா.

அவனுடைய அவையில் அம்பலவாணர் என்றொரு பிரதானி இருந்தார். வேறு யாரையாவது யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அவைக்கு வந்த வழிப்போக்கன் ஒருவன், "நாணல்குறிச்சி ஊர்ச்சபை மாதிரி எங்கும் பார்த்ததில்லை மகாராசா. எந்தச் சண்டையையும் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லிவிட்டான்.

அம்பலவாணர் ராசாவின் காதோரம் குனிந்தார். "அந்த ஊரிலிருந்து இதுவரை ஒரு வழக்குகூட நம் அவைக்கு வந்ததில்லை, கவனித்தீர்களா? ராசா என்று ஒருவர் எதற்கு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது."

ராசாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே நாணல்குறிச்சியில் தண்டோரா போட்டார்கள். இனி ராசாவின் உத்தரவு இல்லாமல் ஊர்ச்சபை எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எடுத்தால் சபைத் தலைவி ஊரைவிட்டே போக வேண்டும்.

சபைத் தலைவி ஒச்சாயி. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கக்கூடியவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. தண்டோரா கேட்டதும் அவள் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஏரி மடையைத் திறக்க வேண்டும். மேலவயலுக்கு முதல் தண்ணீரா, கீழவயலுக்கா என்று சபைதான் ஒவ்வொரு போகத்துக்கும் பேசி முடிக்கும். சபை வாய் திறக்கவில்லை என்றால் மண்வெட்டிகள் பேசும்.

ஒச்சாயி அரண்மனைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்வளவுதானே! மடையைத் திற. என் உத்தரவு" என்றான் ராசா.

"திறந்துடுறோம் மகாராசா. மூடுறது?"

"வயல் நிறைந்ததும் மூடு."

"நிறைஞ்சிருச்சா இல்லையான்னு யார் முடிவு பண்றது? எங்களுக்குத்தான் முடிவு பண்ண உத்தரவில்லையே. இங்கே ஆள் அனுப்பிக் கேட்டுட்டு வர்றதுக்குள்ள கரை உடைஞ்சிரும். மகாராசாவே மடையடியில வந்து நின்னா நல்லது."

ராசா தன் பட்டு வேட்டியைப் பார்த்துக்கொண்டான்.

"இல்லேன்னா மகாராசாவுக்குப் பதிலா ஒருத்தர் வரட்டும்" என்றாள் ஒச்சாயி. "லேசான வேலைதான். பிரதானி ஐயா மாதிரி ஆளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?"

அம்பலவாணர் மீசையை நீவினார். "பட்டிக்காட்டுச் சபைதானே! மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன்."

"அப்படியே ஆகட்டும். இவர் சொல்வது என் சொல்" என்றான் ராசா.

"என்ன சொன்னாலுமா, மகாராசா?"

"என்ன சொன்னாலும்!"

ஒச்சாயி கும்பிட்டுவிட்டு நடந்தாள். அம்பலவாணர் பல்லக்கில் போனார்.

சபை புளியமரத்தடியில் கூடியது. "தண்ணீர் விஷயத்தை எடுங்கள்" என்றார் அம்பலவாணர்.

"அதுக்கு முன்னால சின்னச் சின்னதா சிலது இருக்குங்க. வரிசைப்படி எடுக்கிறதுதான் வழக்கம். வழக்கத்தை மாத்துறதுன்னா அதுவும் ஒரு முடிவு" என்றாள் ஒச்சாயி.

கிணற்றுக் கயிறு தேய்ந்துவிட்டது. தேங்காய் நாரா, புளிச்சை நாரா? விருமாண்டியின் கிடா பூசாரியை முட்டிவிட்டது. கிடா மேல் குற்றமா, குறுக்கே போன பூசாரி மேலா? சபையில் குறட்டை விடுகிறவரை எழுப்பலாமா, அவர் வயதில் மூத்தவராக இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் அம்பலவாணர் முகத்தையே பார்த்தார்கள். கிடாவைக் கண்டிக்கச் சொன்னார். என்ன சொல்லிக் கண்டிப்பது என்று கேட்டார்கள்.

வெயில் சாயும்போதுதான் மடையடிக்குப் போனார்கள். மேலவயல்காரர்கள் ஒரு கரையில், கீழவயல்காரர்கள் மறு கரையில்.

"மேலவயலுக்கு முதலில் திறங்கள்" என்றார் அம்பலவாணர். திறந்தார்கள்.

"ஐயா, போதுமா?"

அம்பலவாணர் பார்த்தார். எங்கு பார்த்தாலும் பச்சை, எங்கு பார்த்தாலும் தண்ணீர். கிட்டே போய்ப் பார்க்கலாமென்று வரப்பிலிருந்து ஒரு காலை வைத்தார். கால் உள்ளே போனது. அதை எடுக்க மறுகாலை வைத்தார். அதுவும் போனது. முழங்கால்வரை சேறு.

ஊரார் மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னைத் தூக்குங்கள்!"

"தூக்குறோம் ஐயா" என்றாள் ஒச்சாயி. "யார் தூக்குறது? மேலவயல்காரங்க தூக்கினா கீழவயல்காரங்க சங்கடப்படுவாங்க. கீழவயல்காரங்க தூக்கினா அவங்களுக்குத்தான் அடுத்த தண்ணின்னு ஆயிரும். உத்தரவு சொல்லுங்க."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று அவர் முழங்காலைத் தடவிவிட்டுப் போனது.

"ஐயோ! உங்கள் ஊர் விஷயத்தை நீங்களே முடிவு செய்து தொலையுங்கள்! எந்தக் காலத்திலும் அரண்மனையைக் கேட்காதீர்கள்!"

"உத்தரவு" என்றாள் ஒச்சாயி.

இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து இறங்கி அவரைத் தூக்கிவிட்டார்கள். மேலவயலுக்குப் போதும் என்று அங்கேயே பேசி முடித்து, தண்ணீரைக் கீழே திருப்பினார்கள். கடைமடையில் இருந்த ஒச்சாயியின் வயலுக்குக் கடைசியாகத்தான் வந்தது. வந்ததே போதும் என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் ஒச்சாயி அவைக்கு வந்து நடந்ததைச் சொல்ல, அதைக் கேட்ட ராசா அம்பலவாணரைப் பார்த்தான். "இப்படிச் சொன்னீரா?"

"சேற்றில் நின்றுகொண்டு சொன்னது மகாராசா. அதைக் கணக்கில் எடுக்கலாமா..."

"எங்கே நின்று சொன்னாலும் அது என் சொல். அந்த உத்தரவு நிற்கட்டும்" என்றவன் சிரித்தே விட்டான். "பட்டிக்காட்டுச் சபைதானே என்றீர் அல்லவா? இனி அங்கே சபை கூடும்போதெல்லாம் நீர் போய் உட்காரும். பேசக் கூடாது."

பிறகு ஒச்சாயியின் பக்கம் திரும்பினான். "உன் சாமர்த்தியத்தை மெச்சினேன். உங்கள் ஊருக்கு ஒரு யானை தருகிறேன்!"

"சந்தோசம் மகாராசா. சபையில கேட்டுட்டுச் சொல்றேன்."

"நான் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவா?"

"நீங்க போட்ட உத்தரவுதான், மகாராசா."

சபை யானை விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டது. வாங்குவதா வேண்டாமா, வாங்கினால் எங்கே கட்டுவது, யார் தழை வெட்டுவது, கரும்புக் கொல்லைப் பக்கம் போனால் யார் பேசுவது என்று பொழுது சாயும்வரை அலசி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அப்படியே.

அம்பலவாணர் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ராசா வாசலிலேயே நிற்பான்.

"யானை விஷயம் என்ன ஆயிற்று? நம் பக்கம் யாராவது பேசினார்களா?"