விதிக்கு ஊட்டிய வெல்லம்

முன்னொரு காலத்தில், மழைகூட வழி கேட்டுத்தான் வரவேண்டிய அடர்ந்த காட்டுக்கு நடுவே ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தால், அது தீரும்வரை ஊரில் அடுப்பு எரியாது.

அப்படியொரு சந்தேகத்தைக் கிளப்பியவர் மிர்ஸா பெஹ்ரூஸ் என்ற பாரசீகக் கவிஞர். அவரைச் சபைக்கு அழைத்து வந்தவன் விகடகவி மயிலேறி. முதல் நாள் கவிஞர், "பந்துக்கு ஏது கால்? நான் உன்னிடம் உருண்டு வந்தது உன் கோலடியால்" என்று இறைவனைப் பாடினார். சபை உருகியது, இரண்டு தூண்களும் உருகியதாகக் கேள்வி. மறுநாளோ, "கதவு திறந்திருந்தும் வெளியே நின்றேனே, குற்றம் என்னுடையதே" என்று அழுதார்.

"நேற்று எல்லாம் அவன் செயல். இன்று உம் குற்றமா? எது மெய்?" என்றார் ராஜா.

"இரண்டும், பிரபு."

ராஜாவின் முகம் சிவந்தது. கவிஞர் வந்த நாள் முதல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மந்திரி விருபாட்சர் எழுந்தார். "எல்லாம் தெய்வ சித்தமே, மகாராஜா! நம் வழக்கப்படி பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுப்போம். கவிஞர் கழுத்தில் விழுந்தால் அவர் இருக்கட்டும். என் கழுத்தில் விழுந்தால் அவரும் மயிலேறியும் நாட்டைவிட்டே போகட்டும்."

ராஜா தலையசைத்தார். மயிலேறி சபை கலையும்வரைகூட நிற்கவில்லை. நேரே யானைக் கொட்டிலுக்கு ஓடினான்.

"என்னத்தச் சொல்ல சாமி!" என்றான் பாகன். "மந்திரி அய்யா தெனமும் மடியில வெல்லம் கொண்டாந்து ஊட்டுறாரு. இது இப்ப என் பேச்சையே கேக்க மாட்டேங்குது."

"சபையில சொல்லுவியா?"

"சொல்லத் தலை இருக்கணுமே சாமி!"

மறுநாள் யானை கவிஞரைத் திரும்பியும் பாராமல் மந்திரியின் மடியை மோந்து, மாலையை அவர் கழுத்தில் போட்டது.

"தெய்வ சித்தம்!" என்று குதித்தார் மந்திரி.

மயிலேறி அவர் காலில் விழுந்து எழுந்தான். "தெய்வமே தேர்ந்தெடுத்தவருக்கு இனி மனித வழி எதற்கு, மகாராஜா? யானைமேல் ஏற்றுங்கள். பாகன் வேண்டாம், அங்குசம் வேண்டாம். அது இறக்கிவிடும் இடமே தெய்வம் அவருக்குக் காட்டிய இடம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஏற்றிவிட்டார்கள். யானை தான் தினமும் குளிக்கும் ஆற்றுக்கு நேரே நடந்தது; ராஜாவும் சபையும் பின்னாலேயே போனார்கள். அன்று பார்த்து ஆற்றில் வெள்ளம். பனைமரங்கள் தலைகீழாக நீந்திப்போயின. முதலைகளே பயந்து கரையேறி நின்றன.

"நிறுத்துங்கள்!" என்று யானையின் காதைப் பற்றிக்கொண்டு அலறினார் மந்திரி.

"தெய்வ சித்தத்தை நான் எப்படி ஐயா நிறுத்துவேன்?" என்றான் மயிலேறி.

"தெய்வமுமில்லை, சித்தமுமில்லை! நான் ஊட்டிய வெல்லமடா! எல்லாம் என் வேலை!"

மயிலேறி தன் மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து நீட்டினான். யானை திரும்பி வந்தது.

"கேட்டீர்களா, மகாராஜா? மாலை விழுந்தபோது தெய்வத்தின் செயல், தண்ணீரைக் கண்டதும் தன் செயல். கவிஞருக்கோ தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வெள்ளம் வேண்டியிருக்கவில்லை. இறைவனை நெருங்கியதை அவன் செயல் என்றார், விலகியதைத் தன் செயல் என்றார். இரண்டும் மெய்தானே?"

கவிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜா மயிலேறியின் பக்கம் திரும்பினார்.

"வென்ற போரையெல்லாம் என் வீரம் என்று கல்லில் வெட்டிவைத்தேன். தோற்றதையெல்லாம் விதி என்றேன். நானும் வெல்லம் ஊட்டியவன்தானடா!" என்றவர், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மந்திரி யானைக் கொட்டிலைக் கழுவப் போனார். கவிஞர் சபையில் நிலைத்தார். மயிலேறிக்கு யானை எடைக்கு எடை வெல்லம் பரிசு. அதைச் சுமந்துவர யானையையே அனுப்பினார்கள். வீட்டுக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. மீதி யார் செயல் என்று மயிலேறி கேட்கவேயில்லை.