நான்காவது பெட்டி

வைத்திலிங்கம் வரிப் படிவம் நிரப்பக் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு அறுபத்துநான்கு வயது. கற்றுக்கொடுத்த ஹமீதாவுக்கு முப்பத்தொன்பது.

அமெரிக்காவில், ஒஹையோவில் உள்ள ஒரு சிறிய ஊரின் பொது நூலகம் அது. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடுவரை, சனிக்கிழமை காலைகளில், குறைந்த வருமானக்காரர்களுக்கு அங்கே இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். ஹமீதா பதினோரு வருடங்களாக அந்த மேசையில் உட்காருகிறவர். கீழக்கரைக்காரர். அதிகம் பேசமாட்டார். வைத்திலிங்கம் பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னார்வலர்களுக்கு வைத்த தேர்வில் ஒரு கேள்வியைக்கூடத் தவறவிடவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் கேட்டார்.

"மேடம், இதுல ரொம்பக் கஷ்டமான இடம் எது?"

ஹமீதா படிவத்தின் மேல்பகுதியில் விரலை வைத்தார். பெயருக்கும் முகவரிக்கும் பக்கத்தில் ஐந்து சின்னப் பெட்டிகள். தனி ஆள். மணமானவர், இருவரும் சேர்ந்து. மணமானவர், தனித்தனியாக. குடும்பத் தலைவர். துணையை இழந்தவர்.

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். "இதுவா? யாருக்கும் அவங்க நிலைமை தெரியுமே மேடம். ஒண்ணுல டிக் அடிச்சா முடிஞ்சுது."

"ஆமா" என்றார் ஹமீதா. "ஒண்ணுலதான் அடிக்கணும்."

அன்று வீட்டுக்குப் போய் வைத்திலிங்கம் ஒரு வரைபடம் போட்டார். மணமானவரா? ஆம் என்றால் இடது, இல்லை என்றால் வலது. துணை உயிரோடு இருக்கிறாரா? பிள்ளை உண்டா? வீட்டுச் செலவு யாருடையது? ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அம்புக்குறி. கடைசியில் ஒரு பெட்டி. அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு மேசையில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

நான்காவது சனிக்கிழமை அவர் கேட்டார். "மேடம், நீங்க எந்தத் தாளையும் பாக்கறதில்ல. சரியான பெட்டி எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?"

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க சார்" என்றார் ஹமீதா.

அடுத்து வந்தவர் புஷ்பராணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறைச் சீருடை, அதன்மேல் பனி ஒட்டிய கோட்டு. கையில் ஒரு பழுப்பு உறை. கோட்டைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தமிழ் ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னவை" என்றார். "அதுதான் வந்தனான்."

வைத்திலிங்கத்துக்கு மகிழ்ச்சி. "வாங்கம்மா. பயப்படாதீங்க. நாலு கேள்விதான். கல்யாணம் ஆனவங்களா?"

"ஓம்."

"கணவர் உங்களோட இருக்காரா?"

"இல்லை."

"விவாகரத்தா?"

"இல்லை."

விரல் அடுத்த அம்புக்குறிக்கு நகர்ந்தது. "உயிரோட இருக்காரா?"

புஷ்பராணி எழுந்துவிட்டார். உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இதைத்தான் அங்கயும் கேட்டவை. நான் போறன் ஐயா."

வைத்திலிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் ஹமீதாவைப் பார்த்தார். ஹமீதா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையின் இந்தப் பக்கம் வந்தார். புஷ்பராணிக்கு அருகில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்கன்னா எங்கக்கா?"

"கடைத்தெருவில ஒரு வரி ஒஃபிஸ்."

"என்ன சொன்னாங்க?"

புஷ்பராணி நின்றபடியே சொன்னார். வேலைத்தலத்தில் தெரிந்த ஒருவர்தான் இத்தனை வருடமும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாராம். இவர் கையெழுத்து மட்டும் போடுவாராம். மகள் ஆரணிக்கு இப்போது பதினேழு வயது. கல்லூரி உதவித்தொகைக்கு அம்மாவின் வரிப் படிவம் வேண்டும் என்று எடுத்துப் படித்திருக்கிறாள். 'தனி ஆள்' என்ற முதல் பெட்டியில் குறி போட்டிருந்தது.

"'அம்மா, உங்களுக்குக் கலியாணமே நடக்கேல்லை எண்டு இதில கிடக்கு. அப்ப நான் ஆர்?' எண்டு கேட்டாள். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவள். எனக்குச் சோறு இறங்கேல்லை."

"அப்புறம்?"

"அந்த ஒஃபிஸுக்குப் போனன். அவர் சொன்னார், கணவரின்ர மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ, எல்லாம் சுகமா முடியும் எண்டு. தங்கச்சி, இவர் தண்ணி எடுக்கப் போனவர். சண்டையின்ர கடைசிக் கிழமை. பிள்ளைக்கு ஆறு மாதம், பால்மா கரைக்கத் தண்ணி இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள்ள போனவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊரில எத்தினையோ பேர் கேட்டவை, ஒரு கையெழுத்தைப் போடுங்கோ, சான்றிதழ் தாறம் எண்டு. நான் போடேல்லை. இங்க வந்து ஒரு வரிக்காகவோ போடப்போறன்?"

ஹமீதா புஷ்பராணியின் நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்கக்கா" என்றார் ஹமீதா. "நீங்க எதுலயும் போட வேண்டாம்."

புஷ்பராணி உட்கார்ந்தார்.

வைத்திலிங்கம் தன் வரைபடத்தைப் பார்த்தார். ஹமீதாவின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"மேடம், ஒரு வழி இருக்கு. கணவர் வருஷத்தோட கடைசி ஆறு மாசம் வீட்டுல இல்லாம, இவங்க பிள்ளையோட தனியா வீட்டை நடத்தியிருந்தா, நாலாவது பெட்டி. ஆனா அதுல ஒரு சிக்கல். அவர் திரும்பி வருவார்னு எதிர்பார்த்தா, அது தற்காலிகமா வெளிய போன மாதிரி. வீட்டுல இருக்கறதாத்தான் அர்த்தம். அதனால கேட்டாகணும்."

"என்ன கேக்கணும்?"

"அவர் வருவாரான்னு."

"கேளுங்க சார்."

வைத்திலிங்கம் புஷ்பராணியைப் பார்த்தார். அவர் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். சமையலறை நீரில் ஊறி வெளுத்த விரல்கள். வருவார் என்றால் நான்காவது பெட்டி கிடையாது, வரி கூடும். வரமாட்டார் என்றால் பதினேழு வருடமாகப் போடாத கையெழுத்தை வாயால் போட்டதாகிவிடும்.

வைத்திலிங்கம் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னால முடியல மேடம்."

ஹமீதா தலையசைத்தார். புஷ்பராணியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

புஷ்பராணியின் முகம் மாறியது. எத்தனையோ மேசைகளில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இதை முதலில் கேட்டவர்கள் குறைவு.

"நகுலேஸ்வரன்."

"அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை, கிரீன் கார்டு ஏதாவது உண்டா?"

"இல்லை. எனக்கும் பிள்ளைக்கும்தான் தந்தவை."

"நகுலேஸ்வரன் அண்ணன் எப்பவாவது அமெரிக்கா வந்திருக்காரா?"

புஷ்பராணி கொஞ்சம் நிமிர்ந்தார்.

"இன்னும் வரேல்லை" என்றார்.

"போதும்" என்றார் ஹமீதா.

வைத்திலிங்கத்துக்குப் புரியவில்லை. ஹமீதா மேலே கேட்டுக்கொண்டே போனார்.

"வீட்டு வாடகை யார் கட்டறது?"

"நான்தான்."

"அரிசி, பருப்பு, கரண்டு?"

"நான்தான். வேற ஆர்?"

"ஆரணி வருஷம் முழுக்க உங்களோடதானே இருந்தா?"

"பிறந்த நாள் துவக்கம் என்னோடதான்."

ஹமீதா பேனாவை எடுத்து நான்காவது பெட்டியைக் காட்டினார். "இதுதான்க்கா உங்களோடது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட். குடும்பத் தலைவர்."

புஷ்பராணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, அது அவரல்லோ. எங்கட குடும்ப அட்டையில அவற்ற பேர்தான் முதல்ல கிடக்கு. நான் என்னெண்டு அவற்ற இடத்தில என்ர பேரைப் போடுறது?"

"இது போன வருஷத்துக்கு மட்டும்தான்க்கா."

"என்ன?"

"ஒவ்வொரு வருஷமும் மறுபடி முதல்லேர்ந்து கேப்பாங்க. போன வருஷம் யார் வீட்டைத் தாங்கினாங்க, அவ்வளவுதான் கேள்வி. எப்பவும் யார் தலைவர்னு கேக்கல."

ஹமீதா பேனாவை இரண்டாவது பெட்டிக்கு நகர்த்தினார். "இது புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து போடறது. இதுவும் வருஷா வருஷம் அச்சாகி வரும். உங்க தாள்லயும் வரும். அவர் வந்த வருஷம் வாங்க, நானே இதுல போட்டுத் தரேன்."

புஷ்பராணி அந்தக் காலிப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார். ஒரு கடுகு அளவுதான் அது. சுண்டுவிரலால் அதைத் தொட்டார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

"சரி. எழுதுங்கோ" என்றார்.

நாற்பது நிமிடத்தில் படிவம் முடிந்தது. முந்தைய மூன்று வருடங்களின் தவறையும் திருத்தலாம், பழைய தாள்களைக் கொண்டு வாருங்கள் என்று ஹமீதா சொன்னார். புஷ்பராணி கையெழுத்தைப் போட்டார். பேருக்குப் பின்னால் நகுலேஸ்வரன் என்று சேர்த்து, அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக. வைத்திலிங்கம் கதவுவரை போய்த் திறந்துவிட்டார்.

"ஐயா, அவர் வருவாரோ எண்டு நீங்கள் கேக்காமல் விட்டியள்" என்றார் புஷ்பராணி. "அதுக்குப் பெரிய நன்றி."

அவர் பனியில் நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்வரை வைத்திலிங்கம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். வரிசையில் வேறு யாரும் இல்லை.

"மேடம், ஆறு மாச விதியை ஏன் விட்டீங்க?"

"அது வீட்டை விட்டுப் போன துணைக்கு. இந்த நாட்டுக்கே வராத வெளிநாட்டுத் துணைன்னா தனி விதி இருக்கு சார். பிள்ளையை வச்சு வீட்டை நடத்தறவங்களுக்கு நேரா நாலாவது பெட்டி. அவர் வருவாரான்னு அதுல யாரும் கேக்கல."

வைத்திலிங்கம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நகுலேஸ்வரன் இருக்கிறார் என்று வைத்து ஒரு கோடு போட்டார். வெளிநாட்டில் இருக்கும் கணவர், இங்கே மனைவி, மகள். கோடு நான்காவது பெட்டிக்கு வந்து நின்றது. பிறகு, சொல்லக் கூசியபடியே, பல வருடங்களுக்கு முன்பே அவர் இல்லாமல் போயிருந்தால் என்று வைத்து இன்னொரு கோடு போட்டார். ஐந்தாவது பெட்டி துணை இறந்தபின் இரண்டு வருடத்துக்கு மட்டும்தான். துணை இல்லாதவர், மகள், வீடு. அதுவும் நான்காவது பெட்டிக்கே வந்து நின்றது.

மறுபடி போட்டுப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் எடையையும் தாங்குதிறனையும் பார்த்துப் பழகியவர். இரண்டு கரையிலிருந்தும் புறப்பட்ட கோடுகள் ஒரு மயிரிழை விலகாமல் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அவர் இருந்தாலும் இதுதான். இல்லாட்டியும் இதுதான்."

"ஆமா."

"அவங்க ரெண்டுல எதையும் சொல்ல வேண்டியதே இல்ல."

"இல்ல."

"யார் எழுதினது இதை?"

"யாரோ ஆபீஸ்ல உக்காந்து எழுதினாங்க. இவங்களை நினைச்சு எழுதியிருக்கமாட்டாங்க."

"நினைக்காமலே இப்படி ஒரு இடம் எப்படி வந்துச்சு?"

புஷ்பராணி உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலடியில் பனி உருகித் தேங்கியிருந்தது. ஹமீதா காகிதத் துண்டை எடுத்துக் குனிந்து அதைத் துடைத்தார்.

வைத்திலிங்கம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"உங்களுக்கு என்ன தோணுது மேடம்? அந்த மனுஷன் உயிரோட இருப்பாரா?"

ஹமீதா நிமிர்ந்தார்.

"இன்னும் வரலன்னு சொன்னாங்க. அதுக்கு மேல கேக்க இந்தத் தாள்ல இடமில்ல சார்."