முன்னச்சின் முறை

ஆனைமலை அடிவாரத்தில், ஒரு தென்னந்தோப்பின் ஓரமாய்ப் போட்ட தகரக் கொட்டகையில், பழைய டீசல் ஜீப் ஒன்று குடியிருந்தது. அதற்கு இரண்டு அச்சுகள். பின்னச்சு தினமும் வண்டியைத் தள்ளியது. முன்னச்சு சேற்றுக்காகக் காத்திருந்தது.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்ற பெயரே முன்னச்சால் வந்ததுதான். ஓனர் அதை ஏலத்தில் புதுசாய் எடுத்து, ஆசை ஆசையாய்ப் பூட்டியிருந்தார். ஆனால் தார் ரோட்டில் அதற்கு வேலை இல்லை. சக்கரங்களைச் சுமந்துகொண்டு கூடவே போகும், அவ்வளவுதான்.

"குடுத்து வெச்சவன்டா நீ. நான் தள்ளுறேன், நீ ஊர்வலம் போற" என்று பின்னச்சு கிண்டலடிக்கும்.

"என் முறை வரும்ண்ணா. மலையேறுற அன்னிக்குப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன். ஓனர் உன்னைக் கழுவுறதைப் பாத்தா, உன்னைப் பொண்ணு பாக்க யாரோ வர்றாப்பல இருக்குது."

அதென்னவோ நிஜம். ஓனர் மருதாசலத்துக்குச் சீட்டு, சினிமா, கட்சி என்று எந்தப் பழக்கமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்விடுவார். நல்லாயிருக்கிற நட்டைக்கூடக் கழற்றி, துடைத்து, திரும்ப முடுக்குவார். அந்தக் கைச்சூடு முன்னச்சுக்குப் பிடிக்கும். இந்த மனுசனுக்காக ஒரு தடவையாவது மூச்சு முட்ட இழுக்க வேண்டும் என்று அது நினைத்துக்கொள்ளும். அதற்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு, மருதாசலத்தின் சிநேகிதர் குழந்தைவேலு வந்து கவிழ்த்துப்போட்ட டயர்மேல் உட்கார்ந்தார். அவரும் இதே பைத்தியம்தான். ஆனால் அவருடையது புது வண்டி. பொத்தானை அமுக்கினால் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"மாப்ள, ரோட்டுல சும்மா சுத்துற முன்னச்சுக்கு எதுக்கு டீசலைக் குடிக்கக் குடுக்கற? பூட்டை எடுத்து உடு."

முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூட்டு இருந்தது. கையால் திருகிப் போட்டால் அச்சும் சக்கரமும் சேரும். எடுத்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும், அச்சு அசையாது. மருதாசலம் குனிந்து இரண்டையும் எடுத்துவிட்டார்.

முன்னச்சு வருத்தப்படவில்லை. 'சேறு வந்தால் இறங்கித் திருகுவார்' என்று இருந்தது.

அடுத்த வாரம் கோயமுத்தூரிலிருந்து இரண்டு மூடிகள் வாங்கி வந்தார். முகம் பார்க்கிற பளபளப்பு. சக்கரத்தின் நடுவில் வைத்து ரப்பர்ச் சுத்தியலால் தட்டி இறக்கினார்.

"அண்ணா, ஒரே இருட்டா இருக்குது" என்றது உள்ளே போன பூட்டு.

"ஏனுங்க, அதுக்குள்ளாற பூட்டு இருக்குதுங்க!" என்று கத்தியது முன்னச்சு. மனுசக் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? மருதாசலம் நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, சிரித்துக்கொண்டார். பூட்டு என்று ஒன்று இருந்ததே போகப் போக அவருக்கு மறந்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. சிநேகிதர்கள் எல்லாரும் வண்டிகளை எடுத்துக்கொண்டு எஸ்டேட் பாதையில் மலையேறினார்கள். மூன்றாவது வளைவில் செம்மண் சேறு. ஜீப்பின் பின்சக்கரம் இரண்டும் புதைந்து சுழன்றன.

"முன்னச்சே, உன்ற முறைடா!" என்றது ஓனர் கையில் இருந்த, முன்னச்சுக்கும் பலத்தைத் திருப்பிவிடுகிற குட்டி கியர்க்கம்பி. அவர் அதை இழுத்தார்.

எஞ்சினின் பலம் முழுக்க முன்னச்சுக்குள் வந்து பாய்ந்தது. பிறந்த நாளிலிருந்து கேட்டு வந்தது அதைத்தான். அது தன்னால் ஆன மட்டும் சுழன்றது. முன்சக்கரம் அசையவில்லை.

"சுத்துடா!" என்றது அச்சு.

"நீ என்னைப் பிடிச்சாத்தானே சுத்துவேன்? நடுவுல பூட்டு போடலியே" என்று அழுதது சக்கரம்.

"டேய், இப்பவாச்சும் ஒரு கை குடுடா! நான் மூழ்கறேன்" என்று பின்னச்சு அலறியது. அதன் குரலில் கிண்டல் இல்லை.

"மூடியைக் கழட்டச் சொல்லுங்கண்ணா! யாராவது சொல்லுங்க!"

யார் சொல்வது? கடைசியில் குழந்தைவேலுவின் வண்டி கயிறு கட்டி இழுத்தது.

"மாப்ள, நாலு சக்கரம் இருக்குது, சரி. முன்னால ரெண்டும் அலங்காரத்துக்கா?" என்று அவர் கேட்க, மலையே சிரித்தது. மருதாசலம் மட்டும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு அவர் ஜீப்பைக் கழுவவில்லை. குழந்தைவேலுவைத் துணைக்குக் கூப்பிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கினார்.

"முன்னச்சு செத்துப்போச்சு மச்சான். கழட்டிப் போட்டுட்டு ரோட்டு ஜீப்போட வெறும் அச்சை மாட்டிக்கலாம்."

"வயித்தைத் தொறந்து பாத்துரலாமா?" என்றார் குழந்தைவேலு.

முன்னச்சுக்கு உயிர் வந்தது. திறக்கட்டும். உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பல் உடைந்திருக்காது. ஒரு கீறல் இருக்காது. குற்றம் தன்மேல் இல்லை என்று அவர் கண்ணே சொல்லிவிடும். அப்புறம் வேறெங்கோ கோளாறு என்று தேடுவார். தேடினால் மூடியைக் கழற்றாமலா போவார்?

கீழே இறக்கிப் போட்டார்கள். வயிற்றுத் தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார்கள். எண்ணெய் தேன் மாதிரி, கருக்காமல் வடிந்தது. பற்சக்கரங்கள் ஏலத்தில் எடுத்த அன்றைக்குப் போல் மின்னின.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றது முன்னச்சு.

குழந்தைவேலு விசிலடித்தார். "ஒரு பல்லு ஒடையல மாப்ள. தேயக்கூட இல்ல."

மருதாசலம் விரலை உள்ளே விட்டு, பல் பல்லாகத் தடவினார். அதே கைச்சூடு. வெகுநேரம் தடவினார். பிறகு விரலைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அதத்தான் நானும் பாக்கறேன் மச்சான். இத்தனை வருசத்துல ஒரு நாளாவது வேலை செஞ்சிருந்தா இது தேஞ்சிருக்கும்."