ராஜா சொன்ன 'பாடாதே'

கடலோரக் கானற்பட்டினத்தை முன்னொரு காலத்தில் ஐயாறவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். யாரையும் நம்பமாட்டான். சமையல்காரன் சிரித்தால், "சோற்றில் என்ன கலந்தாய்?" என்பான், சிரிக்காவிட்டால், "என்ன மறைக்கிறாய்?" என்பான்.

அங்கே துறைமுகத்தில் கருவாடு விற்ற இன்னாசியம்மா, ஸ்பானியக் கப்பல்காரர்களோடு பேசிப் பேசியே அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். அதனால் அரண்மனையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி ஆனாள். மூன்று மாதம் ஏடு புரட்டி அதே பாஷையைப் படித்த அவைப்புலவர் விசாகநாதருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் வியாபாரம் பேச வந்த ஸ்பானியத் தலைவனை ராஜா சந்தேகப்பட்டுக் காவலில் போட்டான். தலைவன், கடலில் நின்ற துணைக்கப்பலின் மாலுமிக்கு ஒரு சீட்டு எழுதினான்: 'நோ கெமெஸ், நோ ரொம்பாஸ்.'

"எரிக்காதே, உடைக்காதே என்கிறார், மகாராஜா. உச்சிப்பொழுதுக்குள் இது போய்ச் சேரணும். இல்லையென்றால் கப்பல் பீரங்கியோடு வருமாம்" என்றாள் இன்னாசியம்மா.

விசாகநாதர் துள்ளி எழுந்தார். "பொய், பிரபு! எரி என்றால் 'கெமா'. எரிக்காதே என்றால் 'நோ கெமா' என்றல்லவா இருக்கணும்? 'நோ' என்றால் இல்லை. உங்களோடு சமாதானம் இல்லை, ஊரை எரி, கோட்டையை உடை என்று எழுதியிருக்கிறான். இவளும் கூட்டாளி!"

ராஜாவின் கை வாளுக்குப் போனது. உண்மையைச் சொன்னாலும் இவன் நம்பப்போவதில்லையே! அப்போதுதான் இன்னாசியம்மாவுக்குப் பொறி தட்டியது.

"என்னையும் நம்பவேண்டாம், புலவரையும் நம்பவேண்டாம். நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒருவரைத் தடுக்கும்போது அவர்கள் 'நோ' போட்டு, வினையின் வாலையும் மாற்றுவார்கள். 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'எஸ்' வால். 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆஸ்' வால். பாடுவது காந்தார், தின்பது கொமேர்."

"ஆருக்கு எஸ், ஏருக்கு ஆஸ்" என்று ராஜா விரலை மடக்கி முணுமுணுத்தான். "அங்கே இவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, வாயைக் கட்டுங்கள்!" என்று சொல்லிவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு சிறைக்கு நடந்தான்.

அங்கே தலைவனோடு பிடிபட்ட ஸ்பானியச் சமையல்காரன் ஒருவன் சோற்றைத் தின்றுகொண்டே பாடிக்கொண்டிருந்தான். புலவர் முந்திக்கொண்டு, "நோ காந்தா!" என்று அதட்டினார். அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். காவலாளியின் தோளில் கைபோட்டு, நீயும் பாடு என்பதுபோல் இன்னும் உரக்கப் பாடினான்.

ராஜா தொண்டையைச் செருமினான். "நோ... காந்தெஸ்!"

பாட்டு நின்றது.

"நோ கொமாஸ்!"

வாய்க்குப் போன கவளம் தட்டுக்குத் திரும்பியது. ராஜாவின் முகத்தில் அன்றுதான் ஊர் சிரிப்பைக் கண்டது.

கட்டவிழ்த்ததும் இன்னாசியம்மா சொன்னாள்: "புலவர் சொன்னது 'அவன் பாடுவதில்லை' என்றுதான் இவனுக்குக் கேட்டது, மகாராஜா. காவலாளியைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான்."

சீட்டைப் படகு கொண்டுபோனது. உச்சிவெயிலில், கரையை நோக்கித் திரும்பியிருந்த கப்பல் பீரங்கிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தலைவனை விடுவித்து, துபாசிக்கு அவையில் ஆசனம் போட்டான் ராஜா.

"புலவரே, நாளையிலிருந்து கருவாட்டுக் கடையில் இவளிடம் பாடம் கேளும்."

"பிரபு, நான் சொல்ல வந்தது..."

"இன்னாசி, பேசுவதற்கு என்ன சொல்?"

"ஆப்லார், மகாராஜா."

ராஜா ஒரு விரல் மடக்கினான். "நோ ஆப்லெஸ்!"

புலவர் சட்டென்று வாயை மூடினார்.

"அட, புரிந்துவிட்டதே!" என்றான் ராஜா.